ஏணியோடு மட்டும் நுழைந்த அறை

அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் இரண்டு பெஞ்சுகள். இடது பக்கம் ஆண்களுக்கு, வலது பக்கம் பெண்களுக்கு. சுவரில் அம்புக்குறி போட்டு எழுதியிருந்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் குழம்பிவிடக் கூடாதென்று ஒரு பக்கம் மீசை வைத்த முகத்தையும் இன்னொரு பக்கம் நீளக் கூந்தல் வைத்த முகத்தையும் வரைந்திருந்தார்கள். காய்ச்சலோடு வருகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது தனக்கு என்ன நோய் என்பதல்ல, தான் எந்தப் படம் என்பதுதான்.

உள்ளே மூன்று அறைகள். கடைசியில் இருப்பது பெண்களுக்கான பரிசோதனை அறை. பச்சைத் திரை, கால்களைத் தூக்கி வைக்க இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கி வைத்த உயரமான மேசை, கழுத்து வளைந்த ஒரு விளக்கு, கருவிகளை வேகவைக்கும் ஒரு எவர்சில்வர் பெட்டி. செவ்வாய்க்கிழமை மட்டும் பெரிய ஊரிலிருந்து டாக்டரம்மா வருவார். மற்ற நாட்களில் நர்ஸ்தான் எல்லாம். அந்த அறைக்குள் ஆண்கள் போகக் கூடாது. மனைவியை அழைத்து வரும் கணவனைக்கூட நடையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் தடையில்லை. அவர் விசிறி பழுதுபார்க்கிறவர். ஊர் அவரைக் ‘காத்து’ என்றுதான் கூப்பிட்டது. பெரியவர்களுக்குக் காத்து, சின்னவர்களுக்குக் காத்தண்ணன். குட்டையான உருவம், அடர்ந்த மீசை, கோடையிலும் முழுக்கைச் சட்டை, அதற்குள் இறுக்கமாக ஒரு பனியன், தோளில் மூங்கில் ஏணி. மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆளில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இருந்தார்கள். ஆனால் வேலை முடிந்ததும் தரையைத் துடைத்துவிட்டுப் போகிற ஒரே ஆள் இவர்தான் என்று நர்ஸ் சொல்வார்.

அவர் ஏணியோடு வாசலில் தெரிந்ததும் நர்ஸ் உள்ளே பார்த்து, “ஆள் வருது” என்று குரல் கொடுப்பார். உடனே பரிசோதனை அறையில் இருக்கிற பெண்கள் உடையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்துவிடுவார்கள். டாக்டரம்மா இருந்தால் அவரும் கைப்பையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய் டீ குடிப்பார். யாரும் சட்டம் போட்டு வந்த பழக்கமில்லை அது. ஆண் உள்ளே வந்தால் பெண்கள் வெளியே, அவ்வளவுதான். காத்து தனியாக உள்ளே போவார், ஏணியை விரிப்பார், மேசைக்கு நேர் மேலே தொங்கும் விசிறியைத் திறந்து பார்ப்பார். பதினோரு வருஷமாக அந்த அறைக்கு வந்து போனவர். அந்த அறையில் மருத்துவரோடு ஒரு நிமிஷம்கூட இருந்ததில்லை.

அவருக்கு அந்த மருத்துவர்தான் தேவைப்பட்டார்.

காத்து பிறந்தபோது வீட்டில் பெண் பிறந்திருக்கிறது என்றார்கள். அவருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது பொருந்தவில்லை. பதினாறு வயதில் அப்பா கதவைச் சாத்தினார். வேறு ஊரில் மோட்டார்க் கடை வைத்திருந்த தாய்மாமன் திறந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். கடைக்கு வந்தவர்கள் இது பையனா பொண்ணா என்று குசுகுசுத்தபோது, “கை நடுங்காம கம்பி சுத்துது. எனக்கு அது போதும். உனக்கு என்ன, சம்பந்தம் பேசப் போறியா?” என்று கேட்டு வாயை அடைத்தார். மாமா இருந்தவரை அந்தக் கடையில் காத்து ஆண்தான்.

மாமா போன பிறகு இந்த ஊருக்கு வந்தார். அதற்கு முன்பே, எந்த மருத்துவரையும் கேட்காமல், மருந்துக் கடையில் ஒருவனைப் பிடித்து, ஆண் தன்மை தரும் ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தார். குரல் கட்டையாயிற்று, மீசை வந்தது, மாதவிலக்கு நின்றது. அந்த ஊசியை எவ்வளவு போட வேண்டும், போட்டால் எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. கேட்க வாய் திறந்த இடம் ஒன்று உண்டு. மாமா ஊரில் ஒரு மருத்துவமனை. போனது கையில் பட்ட மின்சாரச் சூட்டுக் காயத்துக்காக. மருத்துவர்தானே என்று நினைத்து உண்மையைச் சொன்னார். அந்த மருத்துவர் புண்ணை விட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னார். பிறகு பக்கத்து அறையிலிருந்து இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டார். காட்டினார். ஒருவர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கைப் புண்ணுக்கு மருந்து போடக் கடைசிவரை யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வீட்டுக்கு வந்து தானே மஞ்சள் களிம்பைத் தடவிக்கொண்டார். முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு இருந்தது. முழுக்கைச் சட்டைக்கு அதுவும் ஒரு காரணம்.

அவருடைய மனைவி ஒரு விடுதியின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். அங்கே புகை வெளியேற்றும் விசிறியைச் சரிசெய்யப் போனபோதுதான் பழக்கம். வாய் கொஞ்சம் நீளம். “ஊருக்கெல்லாம் காத்து விடுறாரு, சொந்த வீட்டு ஃபேன் மூணு மாசமா முனகுது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் காட்டுவாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே காத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்தப் பெண் யோசித்துவிட்டு, குறட்டை விடுவீங்களா என்று மட்டும் கேட்டாளாம்.

நாற்பத்தேழு வயதில் காத்துக்கு மறுபடி இரத்தம் பட்டது. என்றைக்கோ நின்றுபோனது. முதலில் மறைத்தார். துணி துவைப்பதைத் தொழிலாக வைத்திருக்கும் ஒருத்தியிடம் கறையை மறைக்க முடியுமா? சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா வர்றாங்க.”

“வரட்டும்.”

“போய்க் காட்டுங்க.”

“எந்தப் பெஞ்சுல உக்காரட்டும்?”

வலது பெஞ்சில் மீசையோடு உட்கார்ந்தால் கலவரம். இடது பெஞ்சில் உட்கார்ந்தால் அந்த வரிசை கடைசி அறைக்குப் போகாது. நர்ஸிடம் தனியாகச் சொல்லலாம். நர்ஸ் நல்லவர்தான். ஆனால் நல்லவர்களுக்கும் வாய் இருக்கிறது, அவர்களுக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஊரில் பாதி வீடுகளுக்குள் போய் விசிறி மாட்டுகிற ஆள் அவர். விஷயம் கசிந்தால் நாளைக்கு எந்த வீடு கதவைத் திறக்கும்? அந்த நாலு பேர் முகமும் அவருக்கு மறக்கவில்லை.

அப்போதுதான் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த வீட்டில்தான் அப்படி ஒரு வழி தோன்றும். அடுத்த செவ்வாய்க்கிழமை அவளே போய் வலது பெஞ்சில் உட்கார்ந்தாள். அவருடைய உபாதைகளை எல்லாம் தன்னுடையதாகச் சொன்னாள். நின்றுபோய் மறுபடி இரத்தம் படுகிறது, இடுப்பு வலிக்கிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். மேசையில் படுக்க வைத்துப் பார்த்தார். சோதனைக்கு எடுத்து அனுப்பினார். பதில் வந்ததும் கூப்பிட்டுச் சொன்னார்: கர்ப்பப்பை சுத்தமாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, இரத்தம் குறைந்தவர்களுக்கு இந்த மாத்திரை நல்லது, தைரியமாக இருங்கள்.

அவள் மாத்திரைகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் சிரித்தார்.

“உன் கர்ப்பப்பைக்கு நூத்துக்கு நூறு. என்னுது இன்னும் பரீட்சையே எழுதல.”

அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று ஒரு மருத்துவர் வாயால் கேட்டுவிட்டாள் அல்லவா? யாருடைய உடம்பைப் பார்த்துச் சொன்னார் என்பதை மூளை அறியும். பயந்துபோன மனசு அறியாது. இரும்புச்சத்து மாத்திரையை அவர் ஒழுங்காக விழுங்கினார். முகத்துக்குக் கொஞ்சம் நிறம் வந்தது. அதுதான் கெடுதலாகப் போயிற்று. இரண்டு பேரும் நம்பத் தொடங்கினார்கள். மழைக்காலம் போய் அடுத்த கோடை வரும்வரை நம்பினார்கள். பிறகு இரத்தம் நிற்கவேயில்லை.

அந்தக் கோடையில் கடைசி அறையின் விசிறி அடிக்கடி நின்றது. காத்து வந்து சரிசெய்வார். சில நாள் ஓடும். டாக்டரம்மாவுக்காக நாள் முழுக்க ஓடவிடுகிற செவ்வாய்க்கிழமை பார்த்து மறுபடி நின்றுவிடும். கண்டன்சர் என்று அந்தத் தொழிலில் சொல்கிற சின்ன டப்பாவிலிருந்து ஒரு வயர் கழன்றிருக்கும். அது தானாகக் கழலவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த முனையை முறுக்காமல் வெறுமனே நுழைத்து வைத்துவிட்டுப் போனவர் அவரேதான். றெக்கையின் திருகாணியை அவர் ஒருநாளும் தொடவில்லை. றெக்கை கழன்றால் கீழே மேசையில் யாராவது படுத்திருப்பார்கள். வயர் கழன்றால் புழுங்கும், அவ்வளவுதான்.

டாக்டரம்மா அறையில் இருக்கும்போது தன்னைக் கூப்பிட வேண்டும். மேலே ஏறுகிற சாக்கில் ஒரு வார்த்தை. “டாக்டர், எனக்கு ஒண்ணு பாக்கணும்.” இவ்வளவுதான் திட்டம். வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகினார். ஆனால் அவர் வந்ததும் நர்ஸ் வழக்கம்போல “ஆள் வருது” என்பார், அறை காலியாகிவிடும், டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டு மரியாதையோடு விலகி வெளியே போய்விடுவார். டாக்டரம்மாவுக்காக வைத்திருந்த வார்த்தையைக் காத்து ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டு விசிறியிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். கீழே மேசை காலியாகக் கிடக்கும். இரும்புத் தாங்கிகள் இரண்டும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது தடவை நர்ஸ் அவரை நிறுத்திவிட்டார். நர்ஸுடைய தம்பி மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவன். அவனிடம் சொல்லியிருக்கிறார், அவன் வந்து பார்த்துவிட்டு இது வேண்டுமென்றே செய்தது என்று சொல்லிவிட்டான்.

“ஒரே வயரு எத்தனை தடவ கழலும்? உங்கள நம்பித்தான உள்ள விட்டோம். கூலிக்காக இப்படிப் பண்ணுவீங்கன்னு நினைக்கல, அண்ணா.”

பெஞ்சுகளில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மறுக்கவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஏமாற்றுக்காரன் என்ற பெயர், உண்மையைவிட அவருக்குச் சுமக்க லேசாக இருந்தது. ஒரு மனிதனை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது அவனுடைய கோழைத்தனம் என்று சொல்கிறவர்கள் வாசல் சுவரில் இருக்கும் அந்த இரண்டு படங்களையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

மனைவியால் பொறுக்க முடியவில்லை. சலவைக் கூடத்தில் யாரோ, “உன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலயே கைவரிசையக் காட்டிட்டாராமே” என்று கேட்டதும் மடித்துக்கொண்டிருந்த விரிப்பை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள். நர்ஸைப் பின்பக்கக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள்.

“அவரு திருட வரல, சிஸ்டர். அந்த மேசைக்காகத்தான் வந்தாரு.”

நர்ஸுக்குப் புரியவில்லை. இவள் சொல்லச் சொல்லப் புரிந்தது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். தன் பெயரில் அவருக்காக வந்து படுத்துக்கொண்டதையும் இவள் சொன்னாள். அந்தச் சோதனைக்கு உதவி செய்தவர் இதே நர்ஸ்தான். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி:

“எவ்வளவு நாளா?”

அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லா நோயாளிகளும் போன பிறகு காத்து வந்தார். கையில் ஏணி இல்லாமல் அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். இந்த முறை யாரும் வெளியே போகவில்லை. டாக்டரம்மா, “சார், உக்காருங்க” என்றார். எல்லாவற்றையும் கேட்டார். எதைத் தொடப்போகிறார், ஏன் தொடப்போகிறார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் தொட்டார். கூட யாரையும் கூப்பிடவில்லை. பிறகு மனைவியிடம் காத்து சொன்னாராம், வலித்ததைவிட அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை என்று. மேசையில் படுத்தபடி விசிறியைக் கீழேயிருந்து பார்த்தார். வேறு யாரோ மாட்டியது. சரியாக நிமிரவில்லை, ஒரு பக்கம் இழுத்தது. டாக்டரம்மா கருவியை உள்ளே வைத்து விளக்கைத் திருப்பியபோது, “அந்த றெக்கைய ஒரு நூல் வளைச்சா போதும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா விளக்கை இன்னும் கிட்ட இழுத்தார். கர்ப்பப்பை வாயில் இருந்த கட்டி கண்ணுக்கே தெரிகிற அளவு வளர்ந்திருந்தது.

ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் இந்த அறையிலேயே, இந்த மேசையிலேயே, சின்னச் சிகிச்சையோடு முடிந்திருக்கக்கூடிய நோய் அது. புற்றுக்கு ஆண் பெண் பெஞ்சு தெரியாது. கர்ப்பப்பை இருக்கிற உடம்பில் அது வரும். அந்த உடம்புக்கு மீசை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வராது. இந்தச் சாதாரண உண்மையை நோய் புரிந்துவைத்திருந்தது. அதைக் குணப்படுத்தக் கட்டிய கட்டடம் புரிந்துவைத்திருக்கவில்லை.

பெரிய மருத்துவமனையில் மறுபடி அதே கதை, இன்னும் பெரிய அளவில். பெண்கள் வார்டில் படுக்கை கொடுத்தார்கள். மீசைக்காரர் நடுவில் எப்படிப் படுப்பது என்று மற்ற நோயாளிகளின் உறவினர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்களுக்கும் வெட்கம், அவருக்கும் வெட்கம். ஆண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். கர்ப்பப்பை மருத்துவர்கள் அந்த வார்டுப் பக்கம் வருவதில்லை, அங்கே வருகிற மருத்துவர்களுக்கு இவர் நோய் சம்பந்தமில்லை. கடைசியில் லிஃப்டுக்குப் பக்கத்தில், நடையில், ஒரு தள்ளுவண்டியில் போட்டு நடுவில் ஒரு திரையை வைத்தார்கள். வருகிறவர் போகிறவரெல்லாம் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தார்கள். காட்டுவதற்கு இப்போது ஒரு மருத்துவர்கூடத் தேவைப்படவில்லை. கதிர்வீச்சு தொடங்குவதற்குள் உடம்பு தளர்ந்துவிட்டது. “வீட்டுக்குப் போயிடலாம்” என்று மனைவியிடம் அவர்தான் சொன்னார்.

ஊருக்குத் தெரிந்துபோயிற்று. சிலர் பாவம் என்றார்கள், சிலர் பாவத்தின் பலன் என்றார்கள். தலைவிதி என்று முடித்தவர்களும் உண்டு. தலையில் யாரோ எழுதியதைப் பற்றி எனக்குத் தெரியாது. சுவரில் எழுதியிருந்ததை மட்டும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ‘அந்த ஆளையா வீட்டுக்குள் விட்டோம்’ என்று பதறிய வீடுகளும் இருந்தன. அவர் மாட்டிய விசிறிக்குக் கீழே உட்கார்ந்துதான் பதறினார்கள். ஒருவரும் அதைக் கழற்றி எறியவில்லை.

நர்ஸ் வேலை முடிந்து தினமும் வந்தார். வலி மாத்திரை கொண்டுவருவார், புரட்டிப் படுக்க வைப்பார், முதுகைத் துடைத்துவிடுவார். மனைவிக்கு வீடு பெருக்கிக் கொடுப்பார். முதல் சில நாள் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. ஒருநாள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

“ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, அண்ணா.”

காத்துக்கு மூச்சு சின்னதாகத்தான் வந்தது. கோபமாகச் சொல்லவில்லை, கணக்கைச் சரிபார்ப்பவர் மாதிரிச் சொன்னார்:

“டீ குடிக்கிறீங்களான்னு கேப்பீங்க. ஏணி ஆடுதே, பாத்துன்னு சொல்லுவீங்க. பதினோரு வருஷத்துல ஒருநாள், உங்களுக்கு உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டிருக்கலாமே, சிஸ்டர்.”

சமையலறையிலிருந்த மனைவிக்கும் கேட்டது. பிறகு காத்துதான் பேச்சை மாற்றினார். அந்த அறை ஃபேன் இன்னும் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று விசாரித்தார். ஆமாம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு திருப்தியாகச் சிரித்தார்.

“எவன் மாட்டினானோ.”

அந்த வாரக் கடைசியில் அவர் இறந்தார். மனைவி பக்கத்தில் இருந்தாள். வீட்டு விசிறி கடைசிவரை முனகிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யவேயில்லை என்று சாவு வீட்டிலும் அவள் சொல்லிக் காட்டினாள், பிறகுதான் அழுதாள். மூங்கில் ஏணியைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். கொடுக்கவில்லை. அதன் படிகளில் இப்போது துணி காயப்போடுகிறாள்.

வாசலில் பெஞ்சுகள் அப்படியே இருக்கின்றன. படங்களை அழிக்கலாமா என்று நர்ஸ் மேலிடத்தில் கேட்டார். உத்தரவு வரட்டும் என்றார்கள். உத்தரவு வரவில்லை. பெஞ்சைத் தன்னால் நகர்த்த முடியாது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

கடைசி அறையின் விசிறி சென்ற மாதம் நின்றது. புதிதாக ஒரு ஆள் வந்தார், நடுவயசு, ஓயாமல் பேசுகிறவர். நர்ஸ் “ஆள் வருது” என்று குரல் கொடுத்தார். அது பெண்களுக்காக, அவர்கள் உடையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்கள். நர்ஸ் வெளியே வரவில்லை. உள்ளேயே நின்று, “உங்களுக்கு உடம்புல ஏதாவது பாக்கணுமா?” என்று கேட்டார்.

அந்த ஆள் சிரித்தார். “நான் ஃபேன் பாக்க வந்தவன், சிஸ்டர்.”

“தெரியும். உடம்பு எப்படி இருக்கு?”

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவர் மேலே ஏறினார். நர்ஸ் சிரிக்கவில்லை. அவர் வேலையை முடிக்கும்வரை ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே இறங்கியதும் இன்னொரு தடவை கேட்டார்.